மரநிழலில் இரண்டு இடம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

பொடி எழுதுவது. தொண்ணூற்றாறு கிலோவும் பாதி வழுக்கையும் நாற்பத்தொன்பது வயதுமாக இருப்பவன் தன்னைப் பொடி என்று எழுதிக்கொள்ள உலகத்தில் ஒரே ஒரு முகவரிதான் உண்டு. அந்த முகவரியில் இருப்பவள் மூன்று வாரமாகப் போனை எடுக்கவில்லை. முந்தாநாள் எடுத்தாள். எடுத்து, "எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பு. போன்ல என்னைச் சிரிக்க வச்சுட்டு நீ நழுவிப் போயிடற. காகிதத்துல எப்படி நழுவறேன்னு நானும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ரயிலில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதித்தவளிடமிருந்து எந்தப் பெட்டியில் போய் ஒளிவது? ஆகவே எழுதுகிறேன்.

மார்ச்சில் வந்துவிடுகிறேன் என்று சொன்னவன் "இன்னும் ஒரு வருஷம்" என்றது தப்புதான். போன மார்ச்சிலும் அதையே சொன்னேன். அதற்கு முந்தின மார்ச்சில் சொன்னதை நீயே மறந்திருப்பாய் என்று நினைத்தேன். மறக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். எனக்காக மாடியை ஒன்பது வருஷமாக யாருக்கும் விடாமல் பூட்டி வைத்திருக்கிறாய். அதை நீ சொல்லிக்காட்டும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல் டாக்டர் விடமாட்டேன் என்கிறார். அவர் வாயில் அளவெடுத்து அனுப்புவார், நான் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்வேன். என்னை விட்டால் இந்த ஊரில் இன்னொருவன் இல்லை. நான் கிளம்பினால் பாதி ஊர் பொக்கை வாயாக நிற்கும். இது தற்பெருமை இல்லை, புள்ளிவிவரம்.

இப்போது ஒரு நல்ல செய்தி. கேட்டால் உன் கோபம் பாதியாகிவிடும்.

என் ஓட்டைக் காரை நிறுத்த இடமில்லாமல் ரொட்டிக்கடை வேனோடு தினமும் நான் மல்லுக்கு நிற்பது உனக்குத் தெரியும். போன மாதம் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா அம்மாள் ஏதோ வேலையாக உள்ளே போயிருந்தாள். அலமாரியில் விண்ணப்பங்கள் அடுக்கியிருந்தன. ஒன்றை உருவினேன். உள்ளே ஒரு வரைபடம்: வரிசையாகக் கட்டங்கள், சுற்றிலும் மரங்கள், ஓரத்தில் வாசல். இரண்டு கட்டத்தில் பெருக்கல் குறி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டு வைத்தேன். அந்த அம்மாள் வந்து பார்த்தாள். இந்த ஊர்ப் பேச்சை நம் பேச்சில் போடுகிறேன், நீ கேட்ட மாதிரியே இருக்கும்.

"எவ்வளவு காலத்துக்கு?"

"நிரந்தரமாத்தான். வருஷா வருஷம் வந்து யார் நிக்கறது?"

"ரெண்டு கேட்டிருக்கீங்களே?"

"இன்னொண்ணு எங்க அக்காவுக்கு."

"அவங்களுக்குச் சம்மதமா?"

"கேட்டா வேண்டாம்பாங்க. வந்து பாத்தா பிடிச்சிடும்."

"வேற எதுவும் விருப்பம் உண்டா?"

"நிழல் வேணும். வாசல் பக்கமா இருந்தா நல்லது. உள்ளே போயிட்டா திரும்பி வர்றது எனக்குக் கஷ்டம்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள். இந்த ஊரில் இவ்வளவு பேருக்குப் பின்பக்கமாக வண்டி ஓட்ட வராது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஒரே மாதத்தில் உத்தரவு வந்துவிட்டது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. உனக்குக் கார் இல்லைதான். கிடைக்கிற இடத்தை விடுவானேன்? இந்த ஊர் எழுத்தை நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பொழுது போய்விடும் என்பதால் முழுவதும் படிக்கவில்லை. நகல் இணைத்திருக்கிறேன். முத்திரையின் அழகைப் பார்.

இன்னொரு வேடிக்கை. பத்து நாளாக இந்த ஊருக்கு என்னவோ ஆகிவிட்டது. எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். ரொட்டிக்கடைக்காரர் வேனை நகர்த்தி எனக்கு வழிவிடுகிறார். முடிவெட்டுபவர் என் தலையைத் தடவி, "உடம்பு எப்படி இருக்கு?" என்றார். கீழ்வீட்டுத் தையல்காரி என் சட்டைக்கெல்லாம் பொத்தான் தைத்துக் கொடுத்துவிட்டு, கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்து கட்டிக்கொண்டாள். பாரேன், நல்ல மனுஷனாக இருந்தால் ஊர் தானாக மதிக்கிறது.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

பொடி


ஜனவரி 23

டேய் பொடி,

நலம் விசாரிக்க இது நேரமில்லை. உட்கார்ந்துகொண்டு படி.

நீ அனுப்பிய நகலில் இருக்கும் பாஷை எனக்குத் தெரியாது. எண் தெரியும். வரைபடத்தில் உன் நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் 2.10 என்றும் 0.90 என்றும் போட்டிருக்கிறது. மீட்டர் கணக்கு. அதாவது ஏழடி நீளம், மூன்றடி அகலம். உன் காரின் போட்டோவை நீ எனக்கு மூன்று தடவை அனுப்பியிருக்கிறாய். மூன்றடி அகலத்தில் எந்தக் காரடா நிற்கும்? சைக்கிளை நிறுத்தினால்கூட மிதி இடிக்கும். பக்கத்திலேயே இன்னோர் எண், 1.80. அதற்கு நேராகக் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. கார் நிறுத்த எதற்கடா ஆறடி ஆழம்?

எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. இருந்தாலும் சந்தேகத்தின் பேரில் யாரையும் நான் வண்டியிலிருந்து இறக்கிவிட்டதில்லை. ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் பெண் போனைக் காகிதத்தின் மேல் காட்டினால் அது நம் பாஷையில் சொல்லிவிடும். காட்டினாள். படித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, மொதல்ல உக்காருங்க" என்றாள். நான் உட்கார்ந்தேன். "உங்க தம்பிக்கு என்ன வியாதி ஆன்ட்டி?" என்றாள்.

அது கல்லறைத் தோட்டமடா. நாற்பத்தொன்று உன் குழி. நாற்பத்திரண்டு என் குழி.

செடி வைத்தால் முழங்கால் உயரத்துக்கு மேல் வளரக் கூடாதாம். சத்தமாக அழுவதென்றால் பக்கத்துப் பள்ளிக்கூடம் நடக்கும் நேரத்தில் கூடாதாம். அந்த அம்மாள் ஏன் கண்ணாடியைத் துடைத்தாள், அந்தத் தையல்காரி ஏன் கட்டிக்கொண்டாள் என்று இப்போது புரிகிறதா? நல்ல மனுஷனாம், ஊர் மதிக்கிறதாம்!

இன்றைக்குக் காலையில்கூட சைக்கிளில் மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு பை நிறையத் தூக்கி வந்தவள் நான். எனக்கு அறுபது வயதுதான். நீ எங்கே வேண்டுமானாலும் படுத்துக்கொள். என்னையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் படுக்கவைக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அதுவும் "வந்து பாத்தா பிடிச்சிடும்" என்று சொல்லி!

பள்ளிக்கூடத்தில் நோட்டீஸைப் படிக்காமல் பேர் கொடுத்து, பெண்கள் கூடைப்பந்து அணியில் சேர்ந்தவன்தானே நீ. அன்றைக்கு மாமா போய் உன்னை வெளியே எடுத்தார். என் வீட்டுக்காரர் இப்போது உயிரோடு இல்லை. நீயே போய் வெளியே எடுத்துக்கொள். இரண்டையும் உடனே ரத்து செய். ரத்து செய்த காகிதத்தின் நகலை அனுப்பு. இந்தத் தடவை அனுப்புவதற்கு முன்னால் படி.

இரண்டு நாளாக நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அக்கா


பிப்ரவரி 4

அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன். "உட்கார்ந்துகொண்டு படி" என்று எழுதியிருந்ததையும் நின்றுகொண்டுதான் படித்தேன். அப்புறம் பின்னறையில் பல் அச்சுக்கான ஈரச் சாந்து வைத்திருந்த கிண்ணத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பல் டாக்டர் ஓடி வந்து, "வலிக்குதா?" என்றார். என்ன அன்பாகக் கேட்டார் தெரியுமா? இப்போது எனக்குக் காரணம் தெரியும்.

நேராக அந்த இடத்துக்குப் போனேன். உண்மைதான். வாசல் பக்கம், நல்ல நிழல், நான் கேட்டதெல்லாம் இருக்கிறது. நாற்பத்தொன்று என்று ஒரு சின்னக் கல் நட்டிருக்கிறார்கள். என் கால் இரண்டும் அதற்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டன. நாற்பதாம் எண்ணில் பழைய தபால்காரர் இருக்கிறார். கல்லில் அவருடைய போட்டோவைப் பதித்திருக்கிறார்கள். அதில் அவர் வாய் நிறையச் சிரிக்கிறார். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் என் வேலை. அந்தப் பயத்திலும், "கடைவாய்ப் பல் கொஞ்சம் தூக்கலாகப் போயிருக்கே" என்று தோன்றியது பார், நான் எப்படிப்பட்ட ஜன்மம்!

அங்கிருந்து நகராட்சிக்கு ஓடினேன். குமாஸ்தா அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான் கேட்டது கார் நிறுத்த இடம்!"

அவள் அலமாரியைக் காட்டினாள். "கார் விண்ணப்பம் மேல்தட்டுல இருக்கு. நீங்க கீழ்த்தட்டுல எடுத்திருக்கீங்க" என்றாள். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிப்பு. பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் சொன்னாள். அவர்களும் சிரித்தார்கள். அதில் ஒருவர் சிரித்த பல்லும் நான் செய்தது. என் பல்லே என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஆனால் அக்கா, நான் ஆடிப்போன இடம் அது இல்லை. அந்தத் தோட்டத்தில் வெளியூர்க்காரனுக்குச் சுலபமாக இடம் கொடுக்க மாட்டார்களாம். "இவர் இங்கேயே இருப்பவர்" என்று ஊர்க்காரர்கள் இரண்டு பேர் எழுதித் தர வேண்டுமாம். எனக்கு யார் எழுதித் தந்தார்கள் என்று கேட்டேன். கோப்பைத் திருப்பிக் காட்டினாள். ஒன்று, பல் டாக்டர். "இவர் எங்கேயும் போக மாட்டார். போவதாக அடிக்கடி சொல்வார், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறார். இன்னொன்று, தையல்காரி. "வாடகை வீட்டு ஜன்னலுக்குத் தானே வர்ணம் அடித்தவர். கிளம்பப் போகிறவர் இதைச் செய்வாரா?" என்று கேட்டிருக்கிறாள்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை.

ரத்து செய்ய ஒரு படிவம் கொடுத்தாள். மிகச் சின்னப் படிவம். பேர், எண், அதற்குக் கீழே "காரணம்" என்று ஒரு பெட்டி. தவறுதலாகக் கேட்டேன் என்று எழுதினால் செல்லாதாம், கையெழுத்துப் போட்டாகிவிட்டதாம். ஊரைவிட்டு நிரந்தரமாகப் போகிறேன் என்று எழுத வேண்டுமாம். எடுத்தேன். பேனா சரியாக எழுதவில்லை. இன்னொரு பேனா வாங்கி வருவதற்குள் நாலு மணியாகி அலுவலகத்தை மூடிவிட்டார்கள். மறுநாள் எனக்கு வேலை அதிகம். வியாழக்கிழமை மழை. கண்டிப்பாகப் போகிறேன்.

நீ பயப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

பொடி


பிப்ரவரி 17

பொடி,

பேனா எழுதவில்லை. நாலு மணிக்கு மூடிவிட்டார்கள். வேலை அதிகம். மழை.

டிக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டேன், பர்ஸ் தொலைந்துவிட்டது, நண்பன் அடுத்த பெட்டியில் வைத்திருக்கிறான், கழிப்பறையில் விழுந்துவிட்டது என்று ஒரே ஆள் நாலு காரணம் சொன்னால் அவனிடம் டிக்கெட் இருந்ததே இல்லை என்று அர்த்தம். எனக்கா சொல்லித் தர வேண்டும்?

முதல் கடிதத்தைப் படித்தபோது குழியை நினைத்து அதிர்ந்தேன். இப்போது அதைப் பற்றிக் கவலையில்லை. ஒன்பது வருஷமாக எனக்குத் தெரியாத ஒன்று, உனக்குத் துணி தைப்பவளுக்குத் தெரிந்திருக்கிறது. பல்லைப் பிடுங்குகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. எழுதிக் கையெழுத்துப் போடுகிற அளவுக்குத் தெரிந்திருக்கிறது. கூடப் பிறந்தவளுக்கு மட்டும் "அடுத்த மார்ச்".

மாடிக்கு மூன்று தடவை வெள்ளையடித்தேன். வாரம் ஒரு தடவை போய் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வருகிறேன். நாலு குடும்பம் கேட்டு வந்தது. "தம்பி வர்றான்" என்று சொல்லி அனுப்பினேன். எதிர்வீட்டுக்காரி இப்போதெல்லாம், "என்னக்கா, தம்பி எந்த ஸ்டேஷன்ல இருக்கான்?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். பரவாயில்லை, சிரிக்கட்டும் என்று இருந்தேன். இந்த வீட்டில் நான் தனியாக இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. யாரோ வரப்போகிறவன் இருக்கிறான் என்றுதான் இருந்தேன்.

எனக்கு ஒரு வரி போதும். வருகிறாயா, இல்லையா? வேடிக்கை வேண்டாம். யார் பல்லைப் பற்றியும் எழுத வேண்டாம்.

அக்கா


மார்ச் 1

அக்கா,

வரவில்லை.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு நாலு நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன். எழுதியதைப் பார்த்து நானே அதிர்ந்துபோனேன். இது எனக்கே தெரியாது என்றால் நீ நம்பமாட்டாய். ஒவ்வொரு மார்ச்சும் நிஜமாகவே வருவதாகத்தான் நினைத்தேன். பெட்டியைக்கூட இறக்கித் துடைப்பேன். துடைத்து மறுபடி மேலே வைத்துவிடுவேன்.

பல்லைப் பற்றி எழுதக் கூடாது என்றாய். ஒன்றே ஒன்று எழுதிக்கொள்கிறேன். அது இல்லாமல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இங்கே வந்த முதல் இரண்டு வருஷம் நான் யாரையும் பார்த்ததில்லை. பின்னறையில் சாந்து அச்சுகள் வரும். ஒவ்வொன்றிலும் ஓர் எண். நான் பல் செய்து அனுப்புவேன். சாயங்காலம் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அப்போதெல்லாம் உனக்குத் தினமும் போன் செய்வேனே, நினைவிருக்கிறதா? நீகூட, "வேலை வெட்டி இல்லையாடா உனக்கு?" என்பாய்.

ஒரு நாள் ஓர் அச்சு வந்தது. கூடவே ஒரு பழைய போட்டோ. அதில் ஓர் அம்மாள் சிரிக்கிறாள். மேலே இடதுபக்கக் கோரைப்பல் கொஞ்சம் கோணலாக வெளியே எட்டிப் பார்க்கிறது. டாக்டர் சீட்டில், "எல்லாம் நேராக இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, அந்த ஒரு பல்லை மட்டும் கோணலாகவே வைத்துவிட்டேன். மறுநாள் முன்னறையில் ஒரே கூச்சல். வேலை போச்சு என்று நினைத்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு அந்த அம்மாள் பின்னறைக்கே வந்துவிட்டாள். அந்த அறைக்கு அதுவரை யாரும் வந்ததில்லை. கையில் கண்ணாடி. "இது யார் செஞ்சது?" என்றாள். நான் கையைத் தூக்கினேன். "ஆறு வருஷமா என் முகம் எங்கேயோ போயிருந்தது" என்று சொல்லிவிட்டு அழுதாள். அப்புறம் சிரித்தாள். கோணல் பல் எட்டிப் பார்த்தது.

அவள்தான் கீழ்வீட்டுத் தையல்காரி. "மாடி காலியா இருக்கு, வந்து இரு" என்றாள். வந்தேன்.

அதற்கப்புறம் தெருவில் நடந்தால் எண்களெல்லாம் ஆளாகிவிட்டன. எழுபத்தாறு ரொட்டிக்கடைக்காரர். நூற்றுப்பத்து பஸ் ஓட்டுபவர். யார் இனிப்பைக் கடிக்கப் பயப்படுவார், யார் தூக்கத்தில் பல்லைக் கடிப்பார் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தினமும் போன் செய்ததை எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை. நிறுத்தினேன் என்பதே உன் கடிதம் வந்த பிறகுதான் உறைத்தது.

நம் தெருவை நினைத்தால் எனக்கு நாற்பது வயதில் நான் விட்டுவந்த தெரு தெரிகிறது. அதில் இன்றைக்கு யார் இருக்கிறார்கள்? எதிர்வீட்டுக்காரி சிரிப்பதாக எழுதினாய். அவள் சிரித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. அந்த ஊரில் எனக்குத் தெரிந்த வாய் உன்னுடையது மட்டும்தான். அதுவும் இப்போது என்னிடம் பேச மாட்டேன் என்கிறது.

படிவம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. உன்னுடையதை மட்டும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். நீயே கையெழுத்துப் போட்டால்தான் முடியுமாம். இதையும் உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கடைசியில் எழுதுகிறேன்.

மாடியை யாருக்காவது கொடு, அக்கா.

பொடி


மார்ச் 15

கடிதம் கிடைத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் நீ வற்புறுத்தி வாங்கிய விசா இன்னும் காலாவதியாகவில்லை. 29ஆம் தேதி காலை பத்தரை மணி வண்டியில் உன் ஊரில் இறங்குகிறேன். ஸ்டேஷனுக்கு வா. என் கையெழுத்தை நானே போட்டுக்கொள்கிறேன். அளவு நாடா கொண்டு வருகிறேன்.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். நீ இருந்த ஒன்பது நாளும் நாம் அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலே ஊரை ஒரு கலக்குக் கலக்கிவிட்டுப் போய்விட்டாய்.

இன்று காலை ரொட்டிக்கடையில், "உங்க அக்கா எங்கே?" என்றார்கள். முடிவெட்டுமிடத்தில், "உங்க அக்கா எங்கே?" என்றார்கள். ஒன்பது வருஷமாக இருக்கும் என்னை யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கைக்காரரிடம் பழக்கதோஷத்தில் கையை நீட்டினாயே, அவரும் டிக்கெட்டை எடுத்துக் காட்டினாரே, அந்த மனிதர் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார். நாற்பத்திரண்டில் நீ நாடாவைப் பிடித்து அளந்துவிட்டு, "ரெண்டு அங்குலம் கம்மி" என்று சொன்னதைக் குமாஸ்தா அம்மாள் எப்படியோ தெரிந்துகொண்டு ஆள் அனுப்பி மறுபடி அளக்கச் சொன்னாளாம். கம்மிதானாம்.

தையல்காரியும் நீயும் பாஷையே இல்லாமல் மூன்று மணி நேரம் என்னதான் பேசினீர்கள்? நான் படியேறி வந்தபோது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரே மாதிரி தலையில் அடித்துக்கொண்டீர்கள். அதற்குப் பாஷை தேவையில்லை போலிருக்கிறது.

வேடிக்கை போதும். நேற்று நகராட்சியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள்.

நீ கிளம்பிய அன்று காலை, "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று போனாயே, அங்கேதான் போனாயாமே. நாற்பத்திரண்டை ரத்து செய்யும் படிவத்தில் உன் கையெழுத்து. காரணம் என்ற பெட்டியில் நம் எழுத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். அதைப் படித்துப் பதிவேட்டுக்காக இந்த ஊர் பாஷையில் சொல்ல ஆள் வேண்டும். ஊரில் அதற்கு ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறான். என்னை உட்காரவைத்து, பக்கத்தில் பேனாவும் கையுமாக அவள் காத்திருந்தாள்.

"எனக்கு என் ஊரில் வீடு இருக்கிறது. என் தம்பிக்கும் வீடு இருக்கிறது. இரண்டும் ஒரே ஊரில் இல்லை, அவ்வளவுதான்."

முதல் வரியைச் சொன்னேன். இரண்டாவது வரிக்கு முன்னால் தண்ணீர் கேட்டேன். கொடுத்தாள். குடித்தேன். சொன்னேன். அவள் எழுதினாள்.

அப்புறம் இன்னொரு காகிதத்தைத் தள்ளினாள். என்னுடையது, "இவர் இங்கேயே இருப்பவர்" என்பது. பல் டாக்டர், தையல்காரி இருவரின் கையெழுத்துக்கும் கீழே, யாரும் கேட்காமலே, மூன்றாவதாக ஒரு கையெழுத்து. இந்த ஊர் எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவள், எங்கே போட வேண்டும் என்று சரியாகப் பார்த்துப் போட்டிருக்கிறாய்.

ஸ்டேஷனில் வண்டி கிளம்பும்போது என்னிடம், "ஜன்னலுக்கு அடிச்ச வர்ணம் நல்லா இல்ல" என்று மட்டும் சொன்னாய். கையெழுத்துப் போட்டதைச் சொல்லவில்லை. கோபமா, இல்லையா? எனக்குப் புரியவில்லை. போன் செய்தால் எடுப்பாயா?

பொடி


மே 6

பொடி,

கோபம்தான். போட்ட கையெழுத்து வேறு, கோபம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதே. கோபம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அங்கே வந்தது உன்னைக் கையோடு இழுத்து வரலாம் என்றுதான். பெட்டியில் உனக்கும் சேர்த்து இடம் வைத்துக்கொண்டுதான் வந்தேன். மூன்றாம் நாள் உன் பின்னறையில் ஒரு ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்தாயே, அப்போது கதவு பதினோரு தடவை திறந்தது. எண்ணினேன். பல் செட்டுக்காக வந்தவர் இரண்டு பேர். மற்ற ஒன்பது பேரும் சும்மா எட்டிப் பார்த்து, உன்னிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். நீ தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாய். இங்கே இருந்த வரைக்கும் நீ யாரிடமும் தலையை நிமிர்த்தாமல் பேசி நான் பார்த்ததில்லை. எப்போதும் வாசலில் நிற்கிற விருந்தாளி மாதிரி, எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டே இருப்பாய். அங்கே நீ ஒருவரையும் சிரிக்கவைக்கவில்லை. அதைப் பார்த்ததும், பெட்டியில் உனக்கு வைத்திருந்த இடம் காலியாகவே திரும்பும் என்று தெரிந்துகொண்டேன்.

சரி, அது போகட்டும்.

மாடியை விட்டாயிற்று. பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். ஆறடி இரண்டங்குலம். படியில் ஏறும்போது குனிய வேண்டும். மனைவி வங்கியில் வேலை. நல்ல மாதிரி. வாத்தியார் சாமான்களைக் கொண்டுவந்து இறக்கிய அன்று நான் கீழே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உன் கட்டிலை அவர்களே உபயோகித்துக்கொள்கிறோம் என்றார்கள். சரி என்றேன். எதிர்வீட்டுக்காரி வந்து, "தம்பி வரலையாக்கா?" என்றாள். "இல்ல, வரல" என்றேன். அவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது.

நேற்றுக் காலை நடந்ததைச் சொல்ல வேண்டும். செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். மேலே யாரோ நாற்காலியைத் தரதரவென்று இழுத்தார்கள். நான் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே, கூரையைப் பார்த்து உரக்க, "டேய் பொடி! தூக்கி வைடா! எத்தனை தடவை சொல்றது?" என்று கத்திவிட்டேன்.

சத்தம் பட்டென்று நின்றது. கையிலிருந்த தாள் நழுவிவிட்டது. ஊரையே விசில் ஊதி ஓடவிடுகிற மனிதரைப் போய் "டேய்" என்றிருக்கிறேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று எழுந்து நிற்கிறேன், மேலேயிருந்து குரல் மெதுவாக வருகிறது:

"சரிக்கா."

அப்புறம் நாற்காலியைத் தூக்கித்தான் வைத்தார். அதோடு சத்தமே இல்லை. நடப்பதுகூடக் கேட்கவில்லை. மத்தியானம் வரை பார்த்தேன். எனக்கு என்னவோ போலிருந்தது. சாயங்காலம் படியேறிப் போய், "இழுக்கணும்னா இழுத்துக்கோங்க, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா